வஸ்கானா ஓடை: பனி உருகுற நேரம்

கவிதா: கனடாவுல நம்ம ரெஜைனா நகரத்துல நாளைக்கு வெப்பம் ப்ளஸ் எட்டு டிகிரி காட்டுது. பனி உருகி வஸ்கானா ஓடை வழியா கீழ வருமே, அந்தப் பக்கம் லம்ஸ்டன் ஊர்ல இருக்கிறவங்க இப்பவே உஷாராகணுமா?

முரளி: பகல் சூட்டை விட ராத்திரியைப் பாரும்மா. ராத்திரி மைனஸுக்குப் போனா உருகல் விட்டு விட்டு வரும், ஓடை தாங்கும். ராத்திரியும் ப்ளஸ்லயே நின்னு கூட மழையும் பேஞ்சா மொத்தமா இறங்கிடும். தரை உறைஞ்சு கிடக்கு, தண்ணியை உள்ள இழுக்காது.

சதீஷ்: 1974 வெள்ளத்துக்கு அப்புறம் ஊரைச் சுத்தி கரை இருக்கேண்ணா?

முரளி: கரை ஆத்துத் தண்ணியைத்தான் தடுக்கும் தம்பி. உள்ள உருகுறது, சுவர் வழியா கசியறது, சாக்கடை ஏறுறது எல்லாம் வேற கணக்கு. பேஸ்மென்ட் சுவரை ஒட்டின பனியை இன்னைக்கே வாரி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்க. கூரைத் தண்ணி குழாயை ரெண்டு மீட்டராவது நீட்டி விடுங்க.

ஜெயந்தி: பேஸ்மென்ட் குழியில சேர்ற தண்ணியை வெளிய தள்ளுற சம்ப் பம்ப்பை மறந்துடாதீங்க. குழியில ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க, மிதவை ஏறி மோட்டார் தானா ஓடணும். ஓடுற சத்தம் மட்டும் போதாது. வெளிய போய் குழாய் வாயில தண்ணி கொட்டுதான்னு பாருங்க, அங்கதான் ஐஸ் அடைச்சு நிக்கும்.

கவிதா: அக்கா, சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள திரும்பி ஏறாம தடுக்கிற வால்வு?

ஜெயந்தி: மூடியைத் திறந்து கதவோட ரப்பர் விளிம்பைத் துடை. முடி, மண் சின்னதா ஒட்டியிருந்தாலும் சரியா மூடாது. வால்வு மூடியிருக்கிறப்ப குளிக்கிறது, வாஷிங் மெஷின் ரெண்டும் வேண்டாம். நம்ம வீட்டுத் தண்ணியே வெளிய போக வழியில்லாம பேஸ்மென்ட்ல ஏறும்.

சதீஷ்: மணல் மூட்டை எவ்வளவு நிரப்பணும்?

முரளி: பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். முட்ட நிரப்பினா உருண்டையாகி இடையில சந்து விழும். வாயைக் கட்டாம மடிச்சு அடியில விட்டு, செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்கி மிதிக்கணும். ஒரு அடி உயரத்துக்கு மூணு அடி அகலம். தண்ணிப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட்.

ஜெயந்தி: உள்ள தண்ணி நிறைஞ்சுட்டா ஒரே நாள்ல இறைச்சிடாதீங்க. வெளிய ஈரக் களிமண் அழுத்திட்டிருக்கும், உள்ள காலியானா சுவர் உள்ள சாயும். ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்குதான்.

கவிதா: பண்ணை வீட்டுக் கிணறு?

ஜெயந்தி: வெள்ளம் மேல ஏறியிருந்தா குளோரின் போட்டு, டெஸ்ட்ல சுத்தம்னு வர்ற வரைக்கும் குடிக்காதீங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், உரத்து நைட்ரேட் போகாது. ஆறு மாசத்துக்குக் கீழ குழந்தை இருந்தா பாட்டில் தண்ணிதான்.

முரளி: ரோட்டுக்கு அடியில போற குழாய்ல ஐஸ் அடைச்சிருந்தா கம்பி எடுத்துக் குத்தப் போகாதீங்க. அடைப்பு திடீர்னு விட்டா தண்ணி வேகம் ஆளை உள்ள இழுத்துடும். முனிசிபாலிட்டிக்கு போன் பண்ணுங்க, அவங்க நீராவி விட்டு உருக்குவாங்க.