குளிரில் சைக்கிள் ஓட்டுபவர்களே, கைக்கு என்ன போடுகிறீர்கள்?

ஸ்கார்பரோவிலிருந்து:

நவம்பர் தொடங்கினால் வேலையிடத்துப் பெடியள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எந்தக் கிளவுஸ் வாங்குறது?" பல வருடமாக டொராண்டோக் குளிரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்பதால் கேட்கிறார்கள். கடையில் இருப்பதிலேயே தடித்ததை எடுக்காதே, அதுதான் என் முதல் பதில்.

காற்றே அடிக்காத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொண்டுதான் போகிறோம். கனடா வானிலைத் துறையின் குளிர்காற்று அட்டவணையில் மைனஸ் 10 டிகிரியும் 20 கிலோமீட்டர் காற்றும் சந்திக்கும் கட்டத்தில் மைனஸ் 18 என்று போட்டிருக்கும், அதாவது தோலுக்கு அவ்வளவு குளிராகத் தெரியும். அந்தக் காற்றை முதலில் வாங்குவது கைதான். கால் மிதித்து மிதித்துச் சூடாகிவிடும், கைக்கு அந்த வசதி இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் கிடக்கும். போதாததற்கு, உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடம்பு முதலில் குறைப்பது விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான். ஜாக்கெட் மெல்லிசாக இருந்தால் எவ்வளவு விலைக்குக் கிளவுஸ் வாங்கினாலும் விரல் விறைக்கும்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். புறங்கைப் பக்கம் காற்றுப் புகாத துணியாக இருக்க வேண்டும், உள்ளங்கைப் பக்கம் அவ்வளவு தடிப்பு வேண்டாம். மணிக்கட்டைத் தாண்டி ஜாக்கெட் கைக்குள் போக வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில்தான் ரத்தக்குழாய் தோலுக்கு அடுத்தாற்போல் ஓடுகிறது. அப்புறம் அளவு. கடையில் எல்லோரும் கையை விரித்துப் பார்த்துவிட்டு "சரி, பொருந்துது" என்று எடுத்துவிடுகிறார்கள். பாரைப் பிடிப்பதுபோல் மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கும்போது விரல் நுனி துணியில் முட்டினால் அடுத்த அளவுதான். இறுக்கமான கிளவுஸ் ரத்தத்தை நெரிக்கும், உள்ளே காற்றுக்கும் இடம் விடாது. சூட்டைப் பிடித்து வைப்பதே அந்தக் காற்றுத்தான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

டவுன்டவுனில் டெலிவரி பார்க்கும் மாணவன்:

அண்ணே, நீங்கள் சொல்வது வேலைக்குப் போய் வருபவர்களுக்குச் சரி. எங்கள் கதை வேறு. ஒவ்வொரு வாசலிலும் போனை எடுக்க வேண்டும், பின் நம்பர் அடிக்க வேண்டும், சாப்பாட்டுப் பையைப் போட்டோ எடுக்க வேண்டும். தொடுதிரையில் வேலை செய்யும் என்று விற்கிற கிளவுஸ் கடைக்குள் அழகாக வேலை செய்கிறது. வெளியே வந்து நுனி ஈரமானால் திரை அசைவதே இல்லை. மூக்கு நுனியால் "டெலிவர்டு" பட்டனை அமுக்கிய நாள்களெல்லாம் உண்டு.

இன்னொன்று, எங்களில் பலர் ஓட்டுவது பேட்டரி சைக்கிள். மிதிப்பதே குறைவு, அதனால் உடம்பு சூடாவதும் குறைவு. வேகம் மட்டும் அதிகம்.

எனக்குச் சரிவந்தது பார் மிட்ஸ். ஹேண்டில்பாரிலேயே நிரந்தரமாக மாட்டி வைக்கும் பெரிய உறை. பிரேக், கியர் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். உள்ளே மெல்லிய கம்பளிக் கிளவுஸ் ஒன்று போதும். கையை வெளியே எடுத்தோமா, போனைப் பார்த்தோமா, திரும்ப உள்ளே விட்டோமா, அவ்வளவுதான். நிறுத்திவிட்டு மாடிக்குப் போகும்போது மட்டும் உறையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் செருகிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் திரும்பி வருவதற்குள் உள்ளே பனி நிறைந்திருக்கும். மணியையும் உறைக்கு வெளியே மாற்றிக்கொள்ளுங்கள்.

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

ஒஸ்லோவிலிருந்து:

டொராண்டோ தம்பிமார் மைனஸ் 10 என்று பயப்படுகிறீர்கள். எங்களுக்கு மைனஸ் 10 நல்ல நாள், பனி காய்ந்து பொடியாக இருக்கும், தட்டிவிட்டால் போய்விடும். கெட்ட நாள் என்பது பிளஸ் 1. ஈரப்பனி விழுந்துகொண்டே இருக்கும். நனைந்த கிளவுஸுக்குள் இருப்பதைவிட வெறுங்கையாகவே போகலாம் போலிருக்கும்.

தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வெளியிலிருந்து தண்ணீர் வராவிட்டாலும் உள்ளே வியர்வை நிற்கும். ஈரக்கையை இழுக்கும்போது உள்துணியும் கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு விரல் உள்ளே போகாது. சின்னவளின் பாலர் பள்ளி வாசலில், ஒரு கையில் அவளுடைய பையுடன், பேனாவை விட்டு ஒவ்வொரு விரலாக உள்துணியைக் குத்தித் தள்ளியிருக்கிறேன். ஆகவே வாங்கும்போது கையை உள்ளே விட்டு விரல் நுனித் துணியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். நுனியில் தைத்திருந்தால் வராது.

சைக்கிள் கடையை விட்டுவிட்டு வேலையாட்களுக்கான உடுப்புக் கடைக்கும் ஒருமுறை போங்கள். அங்கே குளிர்க் கையுறைகளில் பனிப்பூ போன்ற சின்னமும் ஈஎன் 511 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் கீழே மூன்று இலக்கங்களும் இருக்கும். முதலாவது, சுற்றியுள்ள குளிரை எவ்வளவு தடுக்கும் என்பது. இரண்டாவது, குளிர்ந்த பொருளைத் தொடும்போது எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டும் 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீருக்கானது, 1 என்றால் தேறியது. உலோகப் பிரேக் பிடியில் விரல் வைத்து ஓட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது இலக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

நான் இப்போது போடுவது ஷோவா டெம்ரெஸ் 282. மீன்பிடிக்கிறவர்களும் பனிமலை ஏறுகிறவர்களும் போடும் நீல நிற ஜப்பான் கையுறை. வெளியே தண்ணீர் புகாத பூச்சு, உள்ளே பஞ்சுபோன்ற துணி. பெரிய மகள் அதற்குக் "கக்கூஸ் கழுவுற கிளவுஸ்" என்று பெயர் வைத்துவிட்டாள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது, ஆனால் கை நனைவதில்லை.

ஊட்டியிலிருந்து:

உங்கள் அளவுக்கு எங்களிடம் குளிர் இல்லை என்றாலும் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கினால், மிதிக்கவே வேண்டாம், பிரேக் மட்டும்தான். உடம்பு சூடாக வழியில்லை, விரல் பிரேக்கை விடவும் முடியாது. ஆனால் வழியில் கீழே இருக்கும் பர்லியாறு வருவதற்குள் வியர்த்துவிடும். அதனால் பெரிய கிளவுஸ் இங்கே தொந்தரவு. மெல்லிசாக, காற்றுப் புகாததாக, சுருட்டி முதுகுப் பாக்கெட்டில் போடும்படி இருந்தால் போதும்.

ஊலு, பின்லாந்திலிருந்து:

மைனஸ் 20-க்குக் கீழே போனால் ஐந்து விரல் கையுறையை மறந்துவிடலாம். தனித்தனி உறையில் ஒவ்வொரு விரலும் தனியாகக் குளிரும். விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்கும் நண்டுக்கால் கையுறை நல்லது, ஒன்றின் சூடு மற்றதற்குப் போகும், பிரேக்கும் பிடிக்கலாம்.

எனக்கு ரேனோ பிரச்சினை உண்டு, குளிர் பட்டதும் விரல் நுனி சுண்ணாம்பு நிறத்துக்கு வெளுத்துவிடும். அதனால் சூட்டுப் பொட்டலம் இல்லாமல் கிளம்புவதில்லை. அதற்குள் இருப்பது இரும்புத்தூள், அது துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. துருப்பிடிக்கக் காற்று வேண்டுமே! இறுக்கமான கிளவுஸுக்குள் திணித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எறிகிறார்கள். கொஞ்ச நேரம் முன்னதாகவே பிரித்து வைத்து, சூடு ஏறிய பிறகு புறங்கைப் பக்கம் வையுங்கள். உள்ளங்கையில் வைத்தால் பிடி நழுவும்.

இந்த ஊரில் 2013-இல் குளிர்காலச் சைக்கிள் மாநாடு நடந்தது, அதுதான் முதலாவது. அந்த அளவுக்கு இங்கே சைக்கிள் வழிகளில் பனி தள்ளி வைத்திருப்பார்கள். சறுக்கிவிடுமோ என்ற பயத்தில் பாரை நெரித்துப் பிடிக்க வேண்டியதில்லை, பிடி தளர்ந்தாலே விரலுக்கு ரத்தம் போகிறது. ஒன்று மட்டும்: விரல் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தால் உடனே சுடுதண்ணீரில் விடாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உணர்வு திரும்பும்போது வரும் வலி பயங்கரம், கண்ணில் தண்ணீர் வரும்.

டவுன்டவுன் மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. பார் மிட்ஸுக்குள் கை சூடாக இருந்தும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரக்கிறதே, ஏன்?

ஸ்கார்பரோவிலிருந்து:

தம்பி, அது குளிர் இல்லை. அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில் நசுங்குகிறது. பாரைக் கொஞ்சம் உயர்த்து, உடம்புப் பாரத்தைக் கையில் போடாதே, சிக்னலில் நிற்கும்போது கையை உதறு. இறங்கின பிறகும் மரப்பு நின்றால் டாக்டரிடம் காட்டு. தடித்த கிளவுஸ் வாங்கி அதைச் சரி செய்ய முடியாது.

வாங்குகிற மற்றவர்களுக்கு ஒன்று: கட்டைவிரலின் வெளிப்பக்கம் டவல் துணி வைத்துத் தைத்திருக்கிறதா பாருங்கள். எதற்கென்று கேட்க வேண்டாம், ஜனவரியில் மூக்கு ஒழுகும்போது தெரியும். துவைக்கும்போது தனியாகத் துவையுங்கள்.