மேலத்தெரு வீடு (குடும்பக் குழு)

சென்னை சித்தி: ஞாயிறு அக்கா கருமாதிக்கு நாங்கள் 11 பேர். நம்மூர் ஸ்டேஷனிலேயே இறங்க வண்டி இருக்கா?

குமார்: எக்ஸ்பிரஸ் நிற்காது சித்தி. தாம்பரம்–செங்கோட்டை வண்டிக்குத் திருத்துறைப்பூண்டியில் இறங்கணும். அதுவும் வாரம் 3 நாள்தான்.

திருச்சி அத்தை: நடுராத்திரி இறக்கிவிடும்

முத்துப்பேட்டை பெரியப்பா: எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். நம்ம லைன் வெள்ளைக்காரன் சும்மா போட்டுக் கொடுத்ததில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. ரயிலுக்கென்று ஜனங்களிடம் தனி வரி வசூலித்தார்கள். 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது. 1903-ல் அறந்தாங்கி. அங்கிருந்து காரைக்குடி போய்ச் சேர 1952 ஆகிவிட்டது.

பாப்பா: பெரியப்பா 🙏 வேன் சொல்லவா வேண்டாமா

முத்துப்பேட்டை பெரியப்பா: இரும்மா. 2012-ல் மீட்டர் கேஜை, அதான் பழைய குறுகின பாதையை, நிறுத்தினார்கள். ஏழு வருஷம் தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை.

குமார்: பெரியத்தை பிளாட்பாரத்தில் உளுந்து காயப்போடுமே 😄

திருச்சி அத்தை: ஆட்டுக்குக் காவல் நான்

முத்துப்பேட்டை பெரியப்பா: 2019 ஜூனில் அகலப்பாதையில் விட்டார்கள். அப்போது ரயில்வே கேட்டுக்கு ஆள் கிடையாது. வண்டியிலேயே கேட் கீப்பர் வருவார். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒருத்தர் இறங்கி மூடணும். கடந்ததும் பின்னால் இருக்கிறவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறணும். அக்கா காரைக்குடி வரை போனது. முன்னால் இறங்கியவருக்கு ஒவ்வொரு கேட்டிலும் வெற்றிலை மடித்துக் கொடுத்ததாம்.

திருச்சி அத்தை: 😢 கடைசியில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று வந்து சண்டை போட்டது

சென்னை சித்தி: அது மகராசி. என் கல்யாணத்துக்கு ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி அனுப்ப ஆளில்லை. பெண் வீட்டார் நாற்பது பேர் வரப்பில் நடந்தோம். பட்டுப்புடவை முழங்கால் வரை சேறு.

பாப்பா: ஆரம்பிச்சாச்சு

முத்துப்பேட்டை பெரியப்பா: மாட்டுக்குக் கால் நொண்டி என்று அன்றே சொன்னேன்.

சென்னை சித்தி: இரண்டு மாட்டுக்குமா அத்தான்?

குமார்: 🤣🤣

மன்னார்குடி மாமா: வடைக்கு எத்தனை படி உளுந்து போடணும்? மாஸ்டர் கேட்கிறார்

திருச்சி அத்தை: அக்கா வீட்டு உளுந்தே பானையில் இருக்கு. வாங்காதீங்க

குமார்: சித்தி, சனிக்கிழமையே திருவாரூர் வந்து தங்கினால் காலையில் காரைக்குடி டெமு (டீசல் பாசஞ்சர்). நம்மூரில் நிற்கும். ஞாயிறு ஓடுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

சென்னை சித்தப்பா: 👍

பாப்பா: சித்தப்பா எதுக்கு 👍? ரயிலுக்கா வேனுக்கா?

முத்துப்பேட்டை பெரியப்பா: ரயிலில் வந்தால் இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்புகிறேன்.

சென்னை சித்தி: மூன்றாக அனுப்புங்கள். 11 பேர்.

பாப்பா: வேன்காரர் லைனில் இருக்கார், யாராவது சொல்லுங்க

மன்னார்குடி மாமா: 4 படி போதுமா?