குதிரையிடம் பேசிக்கொண்டே போங்கள்: தெற்கு இங்கிலாந்தில் மவுண்டன் பைக் அனுபவங்கள்

முன்சக்கரம் எழுதியது:

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மேட்டுப்பாளையத்தில் நின்று நீலகிரியை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவனிடம் 270 மீட்டர் உயரமுள்ள பட்சர் குன்றைக் காட்டினால் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்புக்கு உரிய தண்டனை போன மே மாதம் கிடைத்தது. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை போகும் சவுத் டவுன்ஸ் வே பாதையை மூன்று நாளில் ஓட்டி முடித்தேன். மொத்தம் 160 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 4,000 மீட்டர்! உதகைக்கு அடிவாரத்திலிருந்து இரண்டு முறை ஏறினாற்போல. வித்தியாசம் என்னவென்றால், உதகையில் ஏறிய உயரம் கையில் நிற்கும். இங்கே ஒவ்வொரு குன்றாக ஏறி, சம்பாதித்ததை எல்லாம் ஓர் ஆற்றங்கரையில் இறக்கிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மீயான், அருண், அடுர், ஊஸ், கக்மியர் என்று ஆறுகள் வரிசையாக வந்து கணக்கைக் கழித்துவிட்டுப் போகின்றன. இதில் ஒரு வேடிக்கை, 'டவுன்ஸ்' என்பதற்குப் பள்ளம் என்று பொருள் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது குன்றைக் குறித்த சொல். எனக்கு அது முதல் நாள் மாலையில்தான் தெரிந்தது, கால் வழியாக.

கண்ணுக்கு மட்டும் எல்லாம் மென்மைதான். பட்சர் குன்றிலிருந்து கீழே இறங்குவது அகலமான புல்வெளிச் சரிவு. பிரேக்கைத் தொட மனமே வரவில்லை. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

புல்லுக்கு அடியில் இருப்பதுதான் சுபாவத்தைக் காட்டும். இந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதனுள் சக்கிமுக்கிக் கல் பதிந்து கிடக்கிறது. உடைந்த ஓரம் சவரக்கத்திதான். காக்கிங் கிராமத்தின் மேலே, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு வெள்ளைச் சுண்ணாம்புப் பந்து பாதையோரம் உட்கார்ந்திருக்கும். சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி 2002-இல் வைத்தவற்றில் ஒன்று. அதைப் படம் எடுக்க இறங்கியபோதுதான் பின் டயர் தட்டையாகிக் கிடப்பதைப் பார்த்தேன். அன்று மட்டும் மூன்று டியூப். நான்காவது கையில் இல்லை. எதிரே வந்த ஒருவர் நின்று, தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்து, "அடுத்தவருக்குக் கொடுத்துவிடு" என்றார். தோழர்களே, டியூப்லெஸ் டயருக்கு மாறிவிடுங்கள். நான் ஊர் திரும்பிய வாரமே மாறிவிட்டேன்.

நான் சொல்ல வந்த சந்திப்பு இரண்டாம் நாள். சாங்டன்பரி ரிங் என்ற இடத்தில், 1760-இல் நடப்பட்ட பீச் (beech) மரங்கள் குன்றின் உச்சியில் ஒரு வட்டமாக நிற்கும். 1987 அக்டோபர் புயல் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. இப்போது இருப்பவை பெரும்பாலும் மறுபடி வைத்தவை. அதைத் தாண்டி அடுர் ஆற்றை நோக்கி இறங்கும்போது முந்தைய இரவு மழையில் சுண்ணாம்பு நனைந்திருந்தது. நனைந்த சுண்ணாம்பு சோப்புக் கட்டி. முன்சக்கரம் எங்கே போகிறதோ அங்கே போவது தவிர வேறு வழியில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி பழுப்புக் குதிரையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். சத்தம் போட்டால் குதிரை மிரளும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, பூனையைப் போல் பின்னால் வந்தேன். பத்தடியில் குதிரை என்னைப் பார்த்தது. பக்கவாட்டில் ஒரே துள்ளல். அவர் எப்படியோ உட்கார்ந்திருந்தார். நான் வேலியில் இருந்தேன்.

கிடைத்த திட்டு நியாயமானது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவதை எல்லாம் குதிரை வேட்டை விலங்கு என்றே நினைக்குமாம். "பேசு. தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வா. மனிதக் குரல் என்று அதற்குத் தெரிந்தால் போதும், எந்த மொழியாக இருந்தாலும் சரி" என்றார். பிறகு என் முழங்கையைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடக்கும் இடத்தில் போட்டால்ஃப்ஸ் அருகே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழுவிக்கொள் என்று வழி சொன்னார்.

அங்கே கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன். அந்தப் பாதை முதலில் அவருடையது. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம்தான் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட நமக்கு உரிமை கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வழியெங்கும் உள்ள வேலிக்கதவுகளில், குதிரையிலிருந்து இறங்காமலே தள்ளித் திறக்கும்படி நெடிய கைப்பிடி வைத்திருப்பதைப் பாருங்கள், யாருக்காகப் போட்ட பாதை என்று புரியும். (கதவுகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.)

கடைசி நாளில் ஓர் ஏமாற்றமும் உண்டு. ஆல்ஃபிரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. படங்களில் வரும் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் மேல் போவது நடப்பவர்களுக்கு மட்டும். நமக்கு உள்நாட்டு வழி, குன்றின் சரிவில் கோடாக வரைந்திருக்கும் வில்மிங்டனின் நெடிய மனிதன் உருவத்துக்கு மேலாக. ஆனால் அந்த உருவத்தின் தலைக்கு மேலேயே ஓட்டிப் போவதால் கோடுகூடக் கண்ணில் படாது. 70 மீட்டருக்கு மேல் உயரமான மனிதனைப் பார்க்காமலேயே கடந்துவிட்டேன்.

உங்கள் சந்திப்புகளை எழுதுங்கள்.

நாற்பதுமைல் எழுதியது:

அருமை. நான் ரிட்ஜ்வே பாதையின் ஆள். ஏவ்பரி பக்கத்து ஓவர்டன் ஹில்லில் தொடங்கி தேம்ஸ் நதிக்கரை ஸ்ட்ரீட்லி வரை சுமார் 70 கிலோமீட்டர், சைக்கிளுக்குத் தடையில்லை. ஆற்றைத் தாண்டிய பிறகு பெரும்பகுதி நடைபாதை. அதனால் ஸ்ட்ரீட்லியில் எனக்கு நாடு முடிந்துவிடும். பாதை பார்க்க மாட்டுவண்டித் தடம்தான். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரங்கள் உழுதுவிட்ட பள்ளங்கள் கோடையில் காய்ந்து செங்கல்லாகிவிடும். அதற்குள் சக்கரம் இறங்கினால், பள்ளம் முடியும் வரை நாம் ரயில்.

அப்படி ஒரு பள்ளத்தில்தான் எனக்கு ஆரக்கம்பி இரண்டு உடைந்தன. உஃபிங்டன் வெள்ளைக் குதிரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். குன்றின் சரிவில் 110 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு நிரப்பி வரைந்த குதிரை அது. ஏறத்தாழ 3,000 வயது. புல் மூடாமல் இருக்க இன்றும் ஆட்கள் மண்டியிட்டுப் புதுச் சுண்ணாம்பை இடித்து நிரப்புகிறார்கள். நம் ஊரில் கோலத்தை மறுபடி மறுபடி போடுவதைப் போல என்று நினைத்துக்கொள்வேன். இங்கே மட்டும் ஒரே கோலம்.

உருட்டிக்கொண்டே வேலண்ட்ஸ் ஸ்மிதி வரை வந்தேன். கற்கால மக்கள் கட்டிய நீண்ட புதைமேடு, பீச் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. முகப்பில் நெட்டுக்குத்தாக நின்ற கல்லில் சாய்ந்தபடி ஒரு முதியவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "சரியான பட்டறைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார். இந்த மேட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத கொல்லன் ஒருவன் இருக்கிறானாம். லாடம் கழன்ற குதிரையை இங்கே கட்டி, கல்லின் மேல் ஒரு காசையும் வைத்துவிட்டு அப்பால் போய்விட வேண்டும். திரும்பி வந்தால் லாடம் அடித்திருக்கும், காசு போயிருக்கும். எட்டிப் பார்த்தால் வேலை நடக்காது.

நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் அவர் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கம்பிகள் உடைந்தபடியே இருந்தன. "ஆரக்கம்பி வேலை அவன் காலத்தில் இல்லையே" என்றார் அவர் சிரிக்காமல். அருகில் உள்ள கிராமம் வரை என்னோடு நடந்தே வந்தார்.

லாம்போர்ன் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஊர். காலையில் சரம் சரமாக வரும். முன்சக்கரம் சொன்னதை அங்கே இரட்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஹாரோவாசி எழுதியது:

முன்சக்கரம் அண்ணா, உங்கள் வேலியைப் படித்து அழும் வரை சிரித்தேன், மன்னியுங்கள். நான் யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டியில் பள்ளிக்கூடம் போனவள். முப்பது வருடம் கழித்து லண்டன் ஹாரோவில் மறுபடி ஏறியிருக்கிறேன். சவுத் டவுன்ஸ் எல்லாம் எனக்குத் தூரம். மெட்ரோபாலிட்டன் ரயிலில், நெரிசல் இல்லாத நேரத்தில் வண்டியை ஏற்றிக்கொண்டு அமர்ஷாமில் இறங்கினால் சில்டர்ன் குன்றுகள் வாசலிலேயே இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் போனால் பீச் காட்டுக்குள் நிலமெல்லாம் நீலப் பூ.

என்னுடைய சந்திப்பு பெருமைக்குரியது அல்ல. ஒரு கோதுமை வயல் நடுவே அழகான ஒற்றையடிப் பாதை தெரிந்தது, இறங்கிவிட்டேன். பாதி வழியில் நாயோடு வந்த ஒரு பெண்மணி இரு கையையும் விரித்து நின்றார். "அம்பு என்ன நிறம் பார்த்தீர்கள்?" பாதை தொடங்கும் கம்பத்தில் அம்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும். திரும்பி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன், அவர் பின்னாலேயே வந்தார், காவலுக்கு. கம்பத்தருகே வந்ததும் தன் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம். பச்சையில் குட்டிக் கோடுகளாகப் போவது நடைபாதை, நீளக் கோடுகளாகப் போவது குதிரைப்பாதை என்று விரலால் தடவிக் காட்டினார். கைப்பேசியில் இருக்கிற எந்தச் செயலியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மாடுகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே? கன்றோடு நிற்கும் மந்தை என்றால் இறங்கி, விலகி, வேலியோரமாகவே உருட்டிப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகவே கூடாது. இது யாழ்ப்பாணத்திலும் இதே சட்டம்தான்.

இன்னொன்று. மேலே வால் பிளந்த ரெட் கைட் பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்தில் அற்றுப்போன இனம். 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது என் இடியப்பப் பொட்டலத்தைப் பார்த்துத் தாழப் பறக்கும் அளவுக்குப் பெருகிவிட்டன.

ஒரு கேள்வி அண்ணா: குதிரையைக் கண்டால் நீங்கள் என்னதான் பேசுகிறீர்கள்?

முன்சக்கரம் எழுதியது:

தங்கச்சி, மஞ்சள் அம்பு விஷயத்தில் நானும் பிடிபட்டவன்தான். அதை எழுதாமல் விட்டது கௌரவத்துக்காக.

போகிறவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் முதுகைத் தள்ளிவிடும்.

குதிரைக்கு: முதலில் 'குட் மார்னிங்' சொல்லிப் பார்த்தேன், ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது, சக்கரமோ இன்னும் தூரத்தில் இருக்கிறது. நீளமாக வேண்டும், யோசிக்காமல் வர வேண்டும். இப்போது பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறேன். போன வாரம் ஒரு சாம்பல் குதிரை காதைத் திருப்பி, நூற்றிருபத்தெட்டு வரை அசையாமல் நின்று கேட்டது.