புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் அட்டையில் மை கரைந்த பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் புலம்பியிருந்தேன்: இங்க்ஜெட் பிரிண்டரில் (திரவ மையைத் தெளித்து அச்சிடுவது) அச்சிட்ட தேவதூதன் படத்துக்கு வாட்டர்கலர் தீட்டினால் கறுப்புக் கோடு கரைந்து முகமே சாம்பலாகிவிடுகிறது என்று. இப்போது சரியாகிவிட்டது.

அதே படத்தை லேசர் பிரிண்டரில் எடுத்தேன். அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் என்பது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள், தண்ணீரில் கரையாது. இறக்கையின் ஓரத்தில் நீலத்தை வைத்து, ஈரத் தூரிகையால் உள்ளே இழுக்க இழுக்க அது வெளிறிக்கொண்டே போனது அத்தனை அழகு! இங்க்ஜெட் மட்டும்தான் இருக்கிறதென்றால் கலர் பென்சிலில் தீட்டுங்கள், அதுவும் நன்றாகவே வரும்.

இன்னொரு பிரச்சினை: அட்டையின் முகப்பில் ஒட்டும் டிசைன் தாள் (அலங்காரம் அச்சிட்ட தாள்) சுருங்கியது. அதற்குக் காரணம் பசையிலிருந்த தண்ணீர். இருபக்க டேப்புக்கு மாறிவிட்டேன்.

அளவு கேட்டவர்களுக்கு: ஏ4 சிவப்பு அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் ஏ6 (105 × 148 மி.மீ.), சி6 உறைக்குள் கச்சிதமாகப் போகும். டிசைன் தாளை 99 × 142 மி.மீ. அளவில் வெட்டி நடுவில் ஒட்டினால், சுற்றிலும் 3 மி.மீ. அட்டையின் சிவப்பு சட்டம்போலத் தெரியும். தாளில் கோடும் புள்ளியும் அதிகமென்றால், அதன்மேல் ஒட்டும் படத்துக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கண் படத்தில் நிற்காது.

12 அட்டை முடிந்தது, இன்னும் 8 பாக்கி.