டர்போசார்ஜருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான டீசல் எஞ்சின் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பத்து இயல்கள் முடிந்தன. பதினோராவதில் நின்றுவிட்டேன். டீசல் பிக்கப் வண்டிக்குப் பெரிய டர்போசார்ஜர் மாற்ற விரும்புகிறவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த இயலின் பொருள். எடுத்துக்காட்டு அமெரிக்க வண்டி: 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் பூட்டிய டாட்ஜ் ராம். வெள்ளிக்கிழமை மாலை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஒரே பத்தியில் டர்போசார்ஜர் ஒன்பது முறை வருகிறது. கூடவே கம்ப்ரசர், டர்பைன், வேஸ்ட்கேட், பூஸ்ட், லேக், சர்ஜ். அத்தனையையும் அப்படியே எழுதினால் வினைமுற்று மட்டும்தான் தமிழாக மிஞ்சும். டர்பைனுக்குச் சுழலி, கம்ப்ரசருக்கு அழுத்தி, பூஸ்டுக்கு மிகையழுத்தம் என்று வைத்திருக்கிறேன். டர்போசார்ஜருக்குச் 'சுழலூட்டி' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. வேஸ்ட்கேட்டுக்குக் 'கழிவு வாயில்' என்று எழுதிப் பார்த்தால் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

கருவியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சொல். சிலிண்டரை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் அழுத்திச் சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அப்படிக் கூடுவதுதான் மிகையழுத்தம். காற்று கூடினால் எரிக்கக்கூடிய டீசலும் கூடும். இவ்வளவுதான் கருவி.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

சுழலூட்டி வேண்டாம். வினைத்தொகையாகக் கொண்டால் 'சுழல்கின்ற ஊட்டி'. இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் 'சுழலை ஊட்டுவது'. எஞ்சினுக்கு ஊட்டப்படுவது காற்றா, சுழற்சியா? தொகையை விரிக்கும் இடத்திலேயே மாணவன் தடுமாறுவான்.

புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டிய தேவையும் இல்லை. நெருப்புக்குக் காற்றூட்டி அதன் வெம்மையை மிகுவிக்கும் கருவியை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிவோம். குறுந்தொகை 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் 'ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்' என்கிறார். ஏழு ஊர் வேலையும் ஒரே ஊர்க் கொல்லனின் உலைக்கு வந்து சேர, ஓய்வின்றி மிதிபடும் துருத்தி போல வருந்துகிறதாம் தலைவியின் நெஞ்சு. தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கப்படும் காற்றுக் கருவிக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்?

துருத்தி என்பது 'துருத்து' என்னும் வினையடியாகப் பிறந்தது, முன்தள்ளுதல் பொருள். நாக்கைத் துருத்துகிறோம். ஆற்றிடைக்குறைக்கும் துருத்தி என்ற பெயர் உண்டு. நீரை விலக்கி நிலம் துருத்திக்கொண்டு நிற்பதால் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. எங்கள் பக்கத்திலேயே திருப்பூந்துருத்தி இருக்கிறது. காவிரிக்கரை முழுதும் வழங்கிய சொல் எஞ்சினுக்குள் நுழையக் கூடாதா? 'புகைத்துருத்தி' என்று எழுதுங்கள்.

மடல் 3: தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர், நாமக்கல்

ஐயா, பெரியவர் என்ற மதிப்போடுதான் மறுக்கிறேன்.

துருத்தி விரிந்து சுருங்கும், விட்டுவிட்டு ஊதும். இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சக்கரம். அதைவிடப் பெரிய சிக்கல், புகைக்குழாயில் பெல்லோஸ் என்று மடிப்பு மடிப்பான இணைப்புக்குழாய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. துருத்தி என்று எழுதினால் என் மாணவர்கள் அதைத்தான் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். 'புகைத்துருத்தி' என்றால் புகையை ஊதுவது என்றும் ஆகிவிடும். டர்போ ஊதுவது புகையை அன்று.

நேற்று ஒரு பழைய டர்போவை மேசையில் வைத்துப் பிரித்தோம். தண்டின் முனையை இரு விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அழுத்திச் சக்கரத்தின் இதழ் நுனிகள் கூட்டில் உரசி, உட்சுவரில் வெள்ளி வளையம் போல ஒரு கீறல். அதன்மேல் கருத்த எண்ணெய்ப் பிசுக்கு. 'டர்போவில் ஆட்டம் இருக்கிறது, எண்ணெய் தள்ளுகிறது, இழுவை குறையும், கரும்புகை வரும்' என்றேன். இருபது பேருக்கும் புரிந்தது. அந்த வாக்கியத்தில் டர்போ ஒன்றுதான் வெளிச்சொல். ஆட்டம், இழுவை, தள்ளுதல் எல்லாம் பட்டறையின் சொந்தத் தமிழ். அவற்றை நூலில் ஏற்றுங்கள். டர்போவை விட்டுவிடுங்கள். பட்டறைக்குப் போகிற பையன் முதல் நாளில் சொல் தெரியாமல் தலைகுனியக் கூடாது. எனக்கு இதில் வேறு நோக்கம் இல்லை.

மடல் 4: ரொறன்ரோவிலிருந்து

வணக்கம்.

நூலில் வருகிற அதே எஞ்சின் பூட்டிய 1996ஆம் ஆண்டு வண்டி என்னிடம் இருக்கிறது. கோடையில் படகை இழுத்துச் செல்வேன். ஆகவே இரண்டு பக்கமும் எனக்கு அக்கறை உண்டு.

முதலில் எழுத்து. தமிழகத்தில் டயர், டிக்கெட் என்பதை நாங்கள் ரயர், ரிக்கற் என்று எழுதி வளர்ந்தோம். இந்த ஊரின் பெயரையே நான் எப்படி எழுதியிருக்கிறேன் பாருங்கள். டர்போ என்று நீங்கள் அச்சிட்டால் எங்கள் பிள்ளைகள் ரேர்போ என்று எழுதுவார்கள். கடன்சொல் இரண்டு கரையிலும் இரண்டு உருவம் எடுக்கும். தமிழ்ச்சொல் என்றால் ஒரே உருவம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே முழு மருத்துவத்தையும் தமிழில் கற்பித்தார். டர்போவிலா தோற்கப் போகிறோம்?

அடுத்தது, லேக் என்பதற்குத் 'தாமதம்' போடாதீர்கள். 'சுணக்கம்' போடுங்கள். தாமதம் என்றால் பிந்தி வருவது மட்டும்தான். நான் ஒருமுறை வண்டிக்கு அளவுக்கு மீறிய டர்போ பூட்டினேன். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்கிய பிழை என்னுடையதுதான். சுழலி பெரிதானால் அதைச் சுற்ற நிறையப் புகை வேண்டும். படகோடு ஏற்றத்தில் 2000 சுற்றைத் தொடும் வரை வண்டி மனமில்லாமல் நகர்ந்தது. பின்னால் வந்தவர்களுக்குப் பாதையே தெரியாத அளவு கரும்புகை. பிறகு திடீரென்று பாய்ந்தது. அந்த மனமில்லாத நகர்வுக்குத்தான் சுணக்கம் என்று பெயர். இழுவைக்கு வண்டி வைத்திருப்பவர் சிறிய சுழலிக்கூட்டையே தேட வேண்டும் என்பதை அன்று கற்றேன். ஓர் அளவு பெரியதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெயருக்கு என் முன்மொழிவு: கழிவளியூட்டி.

மடல் 5: நாமக்கல் பயிற்றுநர்

ரொறன்ரோ அண்ணா, சுணக்கத்தை இன்றே வகுப்பில் எடுத்துக்கொண்டேன். ஆனால் கழிவளியூட்டி ஆபத்தானது. கழிவளியை ஊட்டுவது என்று விரித்தால் இ.ஜி.ஆர். ஆகிவிடும். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுகிற ஏற்பாடு அது. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும்போது பெயர் மாறினால் பையன் தவறான குழாயைக் கழற்றுவான்.

'கழி'யை நீக்கி வெறும் வளியூட்டி என்றால் குறை சொல்ல மாட்டேன். வார் பூட்டி எஞ்சின் விசையில் ஓடும் சூப்பர்சார்ஜரும் அதே குடும்பம்தான். அது வார் வளியூட்டி. இது சுழலி வளியூட்டி.

மடல் 6: பொதுப்பணித் துறையில் பணியாற்றிய பொறியாளர், சிவகங்கை

நான் எஞ்சின் படித்தவள் அல்லள், கண்மாய் பார்த்தவள். வேஸ்ட்கேட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி கொடுத்த விளக்கப்படி, மிகையழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் ஒரு சிறு கதவு திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சுழலிக்குள் விடாமல் பக்கவழியாக அனுப்பிவிடுகிறது. சுழலி வெறிகொண்டு சுற்றாமல் காக்கிறது. சரிதானே? இதற்கு எங்கள் பக்கம் பெயர் கலிங்கு. கண்மாயில் நீர் முழுக்கொள்ளளவைத் தாண்டினால் கரையை உடைக்காமல் மிகுநீர் வழிந்து போகிற இடம். ஆங்கிலேயர் காலப் பாசன ஆவணங்களில் இந்தச் சொல்லையே 'கலிங்குலா' என்று திரித்து எடுத்துக்கொண்டார்கள். மதகு வேறு, அது வேண்டும்போது வயலுக்குத் திறப்பது. தன்னைத் தானே காத்துக்கொள்ள வழிவது கலிங்கு.

இன்னொன்றும் உண்டு. கலிங்கில் வரிசையாகக் கல்தூண்கள் நட்டிருப்பார்கள். கண்மாயில் இன்னும் ஒரு முழம் நீர் நிறுத்த ஆசைப்பட்டால் அவற்றுக்கிடையே பலகை செருகி மண் அணைப்பார்கள். பலகையை எடுக்க மறந்த ஆண்டு கரை போகும். வேஸ்ட்கேட்டின் சுருள்வில்லை இறுக்கி மிகையழுத்தத்தைக் கூட்டுவார்கள் என்று தம்பியின் மூலநூல் சொல்கிறதாமே. அதே பலகைதான்!

மடல் 7: தஞ்சாவூர்ப் பேராசிரியர்

கலிங்கைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அம்மா. அதற்கு மாற்றில்லை.

ஆனால் தலைச்சொல் பற்றிய என் நிலை மாறவில்லை. டர்பைன் என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரர் பர்டின் 1822இல் இட்டார். இலத்தீனத்தில் 'டர்போ' என்றால் சுழல்காற்று, பம்பரம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905இல் புகைவிசையால் காற்றேற்றும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 'டர்போசூப்பர்சார்ஜர்' என்று நீண்டு வழங்கிய பெயர் நடுவில் உதிர்ந்து இன்றைய வடிவம் பெற்றது. 'சார்ஜ்' என்பதோ வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல். ஆக, பிள்ளைகள் ஆடும் பம்பரத்தையும் வண்டிப் பாரத்தையும் ஒட்டவைத்து அவர்கள் கூச்சமின்றிப் பெயரிட்டார்கள். நாம் உலைத்துருத்தியை எடுக்க ஏன் கூச வேண்டும்?

கடன்சொல்லுக்குத் தொல்காப்பியர் கதவு திறந்தார்தாம். ஆனால் 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை நீக்கி, என்று நிபந்தனை வைத்தார். டகரமும் ரகரமும் மொழிமுதல் வாரா. மரபுப்படி முன்னே இகரம் இட்டால் 'இடர்போ'. சொல்லின் தலையிலேயே இடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மடல் 8: நாமக்கல் பயிற்றுநர்

சர்ஜுக்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது, மாணவன் தந்தது.

அழுத்தி வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். கிடைக்கோட்டில் காற்றின் அளவு, நிலைக்கோட்டில் அழுத்த விகிதம்; அழுத்தி நன்றாக வேலை செய்யும் பகுதி நடுவில் தீவு போல இருக்கும். 5.9 லிட்டர் எஞ்சின், 2500 சுற்று. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று இழுக்கும் என்பதால், முழுதும் நிரம்புவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு 7375 லிட்டர். மிகையழுத்தம் வளிமண்டலத்தைப் போல் இரு மடங்கு என்றால், வெளிக்காற்றின் ஒரு மடங்கையும் சேர்த்து மொத்த அழுத்த விகிதம் 3. இந்தப் புள்ளி வரைபடத்தின் நடுத்தீவில் விழுந்தால் நல்ல டர்போ. டென்வர் போன்ற மேட்டு ஊரில் வெளிக்காற்றழுத்தமே குறைவு; அதே மிகையழுத்தத்துக்கு விகிதம் கூடிப் புள்ளி மேலே ஏறும். வலப்பக்கம் தள்ளிப் போனால் சக்கரம் அதற்கு மேல் காற்றை விழுங்க முடியாமல் திணறும். இடப்பக்கக் கோட்டைத் தாண்டினால் அழுத்திய காற்று முன்னே போக இடமின்றிச் சக்கரத்தின் வழியே திரும்பி வரும். படபடவென்று ஓசை கேட்கும்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "எதுக்களிக்கிறதா சார்?" என்றான்.

எதுக்களிப்பு! பால் குடித்த குழந்தைக்கு நேர்வதுதான். இடப்பக்கம் எதுக்களிப்புக் கோடு, வலப்பக்கம் திணறல் கோடு. இனி அவர்கள் மறக்க மாட்டார்கள். 1916இல் இராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் கலைச்சொல்லுக்கென்று ஒரு சங்கம் நடத்தினார்கள். நூறாண்டு கழித்துப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஒரே நொடியில் சொல் தருகிறான்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர்

வியாழன் இரவு. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன். டர்போ ஏழு பேர், வளியூட்டி ஐந்து பேர், துருத்தி ஒருவர், சுழலூட்டி ஒருவரும் இல்லை.

இயலின் முதல் வரையறையில் 'சுழலி வளியூட்டி' என்று எழுதி, அதன்பின் டர்போ என்றே தொடர்கிறேன். கலிங்கு, சுணக்கம், எதுக்களிப்பு, திணறல், ஆட்டம், இழுவை ஆறும் நூலில் ஏறுகின்றன. தலைச்சொல்லில் எனக்கு நிறைவில்லை. மறுபதிப்பு வந்தால் மீண்டும் எழுதுகிறேன். வேஸ்ட்கேட்டின் கதவுத்தகட்டுக்குக் 'கலிங்கு கதவு' என்று போட்டிருக்கிறேன்.

மடல் 10: தஞ்சாவூர்ப் பேராசிரியர்

துருத்திக்கு விழுந்த அந்த ஒரு வாக்கு என்னுடையது. அதைத் திரும்பப் பெறவில்லை, பதிவில் இருக்கட்டும்.

கோப்பை அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள், தம்பி. கலிங்கினது கதவு ஆதலால் வேற்றுமைத் தொகை. மென்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். 'கலிங்குக்கதவு' என்று ஒற்று இட்டு எழுதுங்கள். குரங்கு 'குரக்குக்கால்' ஆவது போல இதுவும் வன்றொடராகத் திரியுமா என்பதைக் காலையில் உரைகளைப் பார்த்து எழுதுகிறேன்.