இக்போ சமூகத்தில் பெண்: "சொல்லுரிமையே இல்லாதவள்" என்று எழுதலாமா?

கார்குழலி:
தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். விருந்தினரை வரவேற்கச் சடங்காக உடைத்துப் பகிரும் கோலாக் கொட்டையைப் பெண் உடைக்கக் கூடாது, பெருவள்ளிக்கிழங்கு ஆணின் பயிர், மகளுக்கு நிலமில்லை என்றே எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. அதே பெண்கள்தான் 1929இல் ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டிஷ் நிர்வாகத்தை உலுக்கினார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஆற்றுமணல்:
பிறந்த ஊரில் மகள், புகுந்த ஊரில் மனைவி என்று பிரித்துப் பாருங்கள். ஒரு குலத்தில் பிறந்த மகள்களின் கூட்டம் 'உமுஅடா'. எங்கே கட்டிக்கொடுத்திருந்தாலும் சாவுக்கும் சச்சரவுக்கும் வந்து நிற்பார்கள். அண்ணன் தம்பிகள் அவர்கள் சொல்லை எளிதில் தட்ட முடியாது. மனைவிகளுக்கும் தனிக் கூட்டம் உண்டு. மனைவியை அடிப்பவன், சந்தை விதியை மீறுபவன், பெண்களின் பயிரில் மாட்டை மேயவிடுபவன் வீட்டு முன்னே அவர்கள் திரண்டு, அவன் குற்றத்தையே பாட்டாகக் கட்டிப் பாடி, உலக்கையால் சுவரை இடிப்பார்கள். அவன் பணியும்வரை விடமாட்டார்கள். இதற்கு 'ஆண்மேல் உட்கார்தல்' என்று பெயர்.

1929 இதன் பெரிய வடிவம்தான். ஆண்களுக்கு 1928இலேயே வரி வந்துவிட்டது. பாமாயில் விலையும் சரிந்துகொண்டிருந்தது. நவம்பரில் ஒலோகோ ஊரில், ஆங்கிலேயர் நியமித்த தலைவர் ஒகுகோவின் ஆள் கணக்கெடுக்க வந்தபோது, பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று நினைத்து நுவான்யெருவா என்ற பெண் எதிர்த்துக் கேட்டார். பனையோலையைக் கைமாற்றிச் செய்தி ஊர் ஊராகப் போனது. துப்பாக்கிச்சூட்டில் 50 பெண்களுக்கு மேல் இறந்தார்கள். 'ஆபா கலவரம்' என்பது ஆட்சியாளர்கள் வைத்த பெயர். அந்த மக்களுக்கு அது 'ஓகு உமுன்வான்யி', பெண்களின் போர். தயவுசெய்து போர் என்றே எழுதுங்கள்.

தாழ்வாரம்:
அந்த வலிமை நிலத்தில் வந்து நின்றுவிடுகிறது. மேடு கட்டி, விதைக்கிழங்கு நட்டு, கொடிக்குக் கழி ஊன்றுவது ஆண். களையெடுப்பது பெண். மேடுகளுக்கு இடையே சோளம், வெண்டை, சேம்பு, மரவள்ளி எல்லாம் அவள் பாடு. புதுக்கிழங்கு வரும்வரையுள்ள பஞ்ச மாதங்களில் அடுப்பெரிய வைப்பது அந்தப் பயிர்கள்தான். ஆனாலும் பெருமை ஆணின் கிழங்குக் களஞ்சியத்துக்கே. பல இடங்களில் செம்பனை எண்ணெய் கணவனுக்கு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மனைவிக்கு. அதை விற்றுக் காசு சேர்க்கலாம்; நிலத்துக்கு மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

பெயர்களைக் கவனியுங்கள். மகனுக்கு 'ஒபியெச்சினா': குடும்ப வாசல் மூடாதிருக்கட்டும். 'அஃபமெஃபுனா': என் பெயர் அழியாதிருக்கட்டும். மகளுக்கு 'ந்னெகா': தாயே பெரியவள். அழகான பெயர்தான், ஆனால் பெருமை அவள் தாயான பிறகுதான். மகன் இல்லாத வீட்டில் மகளைக் கட்டிக்கொடுக்காமல் வைத்து, அவளுக்குப் பிறக்கும் மகனைத் தகப்பன் வாரிசாக்கும் 'ந்ராச்சி' வழக்கமும் இதிலிருந்து வந்ததே. கோலாக் கொட்டையைவிட இதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள்.

கார்குழலி:
அப்படியானால் உமுஅடாவைப் பெண்ணுரிமை அமைப்பு என்று சொல்லலாமா?

நீரோட்டம்:
வேண்டாம். கணவன் இறந்தவளுக்குத் தலை மழிப்பது, தரையில் உட்கார வைப்பது, ஓராண்டு துக்கத் துணி என்று பல ஊர்களில் சடங்கை முன்நின்று நடத்துவது அவர்கள்தான். செத்தவன் அவர்கள் சகோதரன். அவள் வெளியிலிருந்து வந்தவள். நாத்தனார்களின் கூட்டம் என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். இத்தகைய கட்டாயங்களைத் தடுக்க எனுகு மாநிலம் 2001இல் சட்டமே போட்டது.

நிலத்தைப் பற்றி எழுதும்போது 2014இல் நைஜீரிய உச்ச நீதிமன்றம் உக்கேஜே வழக்கில் சொன்னதைச் சேருங்கள். தகப்பன் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 42ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பு. அதோடு 'சிக்கல் தீர்ந்தது' என்று முடித்துவிடாதீர்கள். உடன்பிறந்தவன் பங்கு தர மறுத்தால் மகள்தான் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும். அப்படி இழுத்தவள் அடுத்த சாவுக்கு எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பாள்?