நம்ம போஸ்ட்டு ஏஐ ட்ரெயினிங்குக்கு போகாம தடுக்க வழி இருக்கா?

மக்களே ஒரு ஹெல்ப். நான் வரையுற படமெல்லாம் பப்ளிக்காதான் போடுறேன், அத ஏஐ ட்ரெயினிங்குக்கு எடுக்காம தடுக்கணும். எக்ஸ்ல பிரைவசி செட்டிங்ஸ்குள்ள போய் குரோக்குக்கு (எக்ஸோட ஏஐ சாட்பாட்) டேட்டா குடுக்குறத ஆஃப் பண்ணிட்டேன், லிங்க்ட்இன்லயும் டேட்டா பிரைவசில ஜெனரேட்டிவ் ஏஐக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதையும் அணைச்சாச்சு (கேக்காமலே ஆன்ல வச்சிருக்கறது என்ன நியாயமோ), ஆனா ஏற்கனவே ட்ரெயின் ஆனது ஆனதுதானாம். இப்ப சிக்கல் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாவும்தான். ஐரோப்பிய யூனியன்ல இருக்கவங்களுக்கு ஆட்சேபம் சொல்ல ஃபார்ம் இருக்கு, 2025 மே மாசம் அங்க பப்ளிக் போஸ்ட்டெல்லாம் எடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குடுத்தாங்க. அந்தப் பக்கம் இல்லாதவங்க என்ன பண்றீங்க? அக்கவுண்ட்ட பிரைவேட் ஆக்கலாம்தான், ஆனா புதுசா யாரும் படத்த பாக்க மாட்டாங்களே. அப்புறம் கிளேஸ் மாதிரி டூல் (ஏஐ நம்ம ஸ்டைல காப்பி அடிக்காம இருக்க படத்துல சின்ன சின்ன மாத்தம் பண்றது) யூஸ் பண்ணவங்க இருந்தா படம் பாக்க அசிங்கமா ஆகுதான்னும் சொல்லுங்க.